செத்தல் மிளகாயும் கிராமத்தின் செல்வமும்

உழவன் தன் விளைபொருளை விளைந்தபடியே விற்பானாயின் அவன் உழைப்பின் பயனிற் பெரும்பகுதி பிறர் கைக்குச் செல்லும். அதனைக் கிராமத்திலேயே பக்குவஞ்செய்து விற்பின் அப்பயன் கிராமத்திலேயே தங்கும். இவ்வுண்மையை யாழ்ப்பாணத்து மிளகாயை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வாம்.

குடாநாட்டின் செம்மண் நிலத்திற் கிணற்று நீர் இறைத்து மிளகாயும் வெங்காயமும் புகையிலையும் விளைவித்தல் எம்மவரின் நெடுநாளைய தொழிலாகும். 1970களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது செத்தல் மிளகாய் நல்ல விலை பெற்றது; தோட்டக்காரர் பலர் வளம் பெற்றனர். 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை புகுந்தபின் பிறநாட்டுச் செத்தல் சந்தைக்கு வர, அவ்வளம் குன்றியது. விலையுயர்வை மட்டும் நம்பிய செல்வம் நிலையாது என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

எனின், செய்யத்தக்கது யாது? முதலாவது, கணக்கறிதல். பழுத்த மிளகாயின் நிறையில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு நீராகும். 100 கிலோகிராம் பழத்தை, ஈரம் நூற்றுக்கு 10 வீதமாகும்வரை உலர்த்தினால் ஏறக்குறைய 28 கிலோகிராம் செத்தலே கிடைக்கும். ஆகவே, ஒரு கிலோகிராம் செத்தலின் விலை பழத்தின் விலையிலும் மூன்றரை மடங்கிற்கு மேற்படாவிடின் உலர்த்தியவனுக்கு நட்டமேயாம்.

இரண்டாவது, தூய்மை. வெறுந்தரையிற் பரப்பிய மிளகாயில் மண்ணும் பறவையெச்சமும் படியும். ஈரம் எஞ்சின் பூஞ்சணம் பற்றி அஃப்ளாடொக்சின் என்னும் நஞ்சு தோன்றுதலுங் கூடும். வறுப்பினும் அரைப்பினும் அது முற்றாக நீங்காது. தரையினின்று உயர்ந்த தட்டுகளிற் பரப்பி, ஒளிபுகும் மூடியும் காற்றோட்டமும் உடைய பெட்டியில் வெய்யிலால் உலர்த்துதல் இக்குறையைப் பெரிதும் போக்கும். உலர்ந்ததைக் காற்றும் ஒளியும் புகாத கலத்தில் வைப்பின் நிறமும் மணமும் நெடுநாள் நிற்கும்.

மூன்றாவது, தனித்தன்மை. வெறும் மிளகாய்த்தூளைப் பேராலைகள் மலிவாக ஆக்கவல்லன. செத்தலுடன் மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை முதலியவற்றைப் பதமறிந்து வறுத்து இடிக்கும் யாழ்ப்பாணத்துக் கறித்தூளின் கைப்பக்குவமோ எம் தாய்மாரிடமே உள்ளது. கடல்கடந்து வாழும் எம்மவரும் அதனை விரும்பி வாங்குகின்றனர்.

அரைக்கும் இயந்திரத்தையும் உலர்த்தும் பெட்டிகளையும் தனியொரு தோட்டக்காரன் வாங்குதல் அரிது. பலர் கூட்டுறவாகச் சேரின் எளிது. ஆயினும், ஒருமுறை கலப்படம் நேரின் ஊர் முழுவதன் பெயருங் கெடும். எனவே, நாணயமே இத்தொழிலின் முதன்முதலாகும்.

விஞ்ஞானங் கற்கும் மாணவர்க்கும் இதிற் பங்குண்டு. ஒரு பிடி செத்தலை நிறுத்து, மேலும் நிறை குறையாதவரை உலர்த்தி, மீண்டும் நிறுப்பின் அதன் ஈரம் தெரியும். கல்லூரி ஆய்வுகூடத்துத் தராசு அயலிலுள்ள தோட்டக்காரனுக்கும் பயன்படுமாயின் நாம் கற்ற கல்வி ஊருக்கு உதவியதாகும்.