மொழிப் பயிற்சி விளையாட்டுகளின் அமைப்பு: ‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாட்டை முன்வைத்து

1. முன்னுரை

இரண்டாம் மொழி கற்பித்தலில் விளையாட்டு புதியதன்று. விடுகதை, அந்தாதி முறையில் சொல் தொடுத்தல், சீட்டு விளையாட்டு ஆகியவை வகுப்பறையில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றன. 1969இல் மைசூரில் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், தன் வட்டார மொழி மையங்களின் வழியே பணியிலிருக்கும் ஆசிரியர்களுக்குப் பத்து மாதப் பயிற்சியில் பிறமொழிகளைக் கற்பித்து வந்துள்ளது. இத்தகைய தீவிரப் பயிற்சியில் வகுப்பு நேரம் அருமையானது. எனவே, விளையாட்டிற்குச் செலவாகும் நேரம் மொழிக்கும் செலவாகிறதா என்னும் வினா எழுகிறது. அதனை ஆராய்வதற்குரிய சோதனை ஒன்றை முன்வைத்து, தமிழின் தன்மைப் பன்மைப் பெயர்களில் அதனைப் பொருத்திக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பதிலீட்டுச் சோதனை

பரமபதப் பலகையைக் கொண்டு வேற்றுமை உருபுகளைக் கற்பிப்பதாகக் கொள்வோம். கேட்ட உருபைச் சரியாகச் சொன்னவர் தாயத்தை உருட்டிக் காயை நகர்த்துகிறார். இங்கு ஏணியில் ஏறுவதும் பாம்பில் இறங்குவதும் தாயத்தைப் பொறுத்தவை. உருபு வினாவிற்குப் பதிலாகக் கணக்கு வினாவை வைத்தாலும் விளையாட்டு சற்றும் மாறாது. மொழி இங்கு நுழைவுச் சீட்டாக மட்டுமே நிற்கிறது.

ஒலியன்களைக் கண்டறிய மொழியியலார் பதிலீட்டைக் கையாள்வது போல, விளையாட்டையும் பதிலீட்டால் சோதிக்கலாம். கற்பிக்கவேண்டிய மொழிக்கூற்றை நீக்கி வேறொன்றை வைத்தபின்னும் விதிகள் மாறாது நிற்குமாயின், அக்கூறு விளையாட்டிற்குப் புறம்பானது. விதிகள் சிதையுமாயின், அகத்தே அமைந்தது. கல்வி விளையாட்டுகளை ஆராய்ந்த தாமஸ் மலோன் 1981இல் இதனை ஒத்த பாகுபாட்டைக் கற்பனைச் சூழல் குறித்துச் செய்துள்ளார். திறனும் சூழலும் ஒன்றையொன்று சார்ந்திருப்பது அகநிலை. திறனைச் சூழல் சார்ந்திருக்க, திறன் சூழலைச் சாராதிருப்பது புறநிலை.

3. கற்போர் இடர்ப்பாடு

‘நாம்’ கேட்போரை உளப்படுத்தும், ‘நாங்கள்’ உளப்படுத்தாது. இந்தியின் ‘ஹம்’, வங்காளத்தின் ‘ஆம்ரா’, இக்காலக் கன்னடத்தின் ‘நாவு’ ஆகியவற்றில் இவ்வேறுபாடு இல்லை. மராத்தியில் ‘ஆபண்’, ‘ஆம்ஹீ’ எனவும் தெலுங்கில் ‘மனமு’, ‘மேமு’ எனவும் இவ்வேறுபாடு உண்டு. ஆகவே ஒரே வகுப்பில் மராத்தியர் புதிய வடிவங்களை மட்டும் கற்க, இந்தி பேசுவோர் புதிய வேறுபாட்டையே கற்கவேண்டியுள்ளது.

வினைமுற்றும் இங்குத் துணைசெய்வதில்லை. ‘நாம் வந்தோம்’, ‘நாங்கள் வந்தோம்’ என இரண்டிற்கும் விகுதி ஒன்றே. தனித்தொடராக நோக்கின் இரண்டும் இலக்கண வழுவற்றவை. யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பது தெரிந்தாலன்றிப் பிழையைச் சுட்ட இயலாது. கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சி இக்கூற்றில் பயனளிக்காமைக்கு இதுவே காரணம்.

4. விளையாட்டின் அமைப்பு

எண்மர் ஆடும் விளையாட்டொன்றைக் காண்போம். இருவர் மதுரைக்குச் செல்லும் குழுவாகவும் இருவர் தஞ்சாவூருக்குச் செல்லும் குழுவாகவும் தொடங்குகின்றனர். எஞ்சிய நால்வரிடம் ஊர்ப்பெயர் எழுதிய அட்டைகள் மறைவாக உள்ளன. குழுவினர் முறைவைத்து ஒருவரை அணுகி, “எங்கே போகிறீர்கள்?” என வினவுகின்றனர். விடை ‘மதுரை’ எனின் மதுரைக் குழுவினர், “நாம் மதுரைக்குப் போகிறோம்” என்றும், ‘தஞ்சாவூர்’ எனின், “நாங்கள் மதுரைக்குப் போகிறோம்” என்றும் சொல்லவேண்டும். ‘நாம்’ எனக் கேட்டவர் குழுவில் சேர்கிறார். ‘நாங்கள்’ எனக் கேட்டவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். தம் அட்டையைக் கருதாது, கேட்ட சொல்லின்படியே அவர் நடக்கவேண்டும் என்பது விதி. இறுதியில் அட்டைகள் திறக்கப்படும்போது, வேற்றூர்ப் பயணியைச் சேர்த்த குழுவும் தன் பயணியைத் தவறவிட்ட குழுவும் தோற்கின்றன.

இங்குப் பிழையை ஆசிரியர் திருத்துவதில்லை. சேரவேண்டாதவர் வந்து சேர்வதே திருத்தமாகிறது. இவ்விளையாட்டை ‘ஹம்’ என்னும் ஒரே சொல்லைக் கொண்டு ஆடிப்பார்த்தால், கேட்டவர் சேர்வதா நிற்பதா என அறியமாட்டார். விளையாட்டு அங்கேயே நின்றுவிடும். ‘ஆபண்’, ‘ஆம்ஹீ’ கொண்டு ஆடினால் தொடரும். அதாவது, விதியைத் தாங்கி நிற்பது உளப்பாட்டு வேறுபாடே.

5. புள்ளியும் பரிசும்

விளையாட்டல்லாத சூழல்களில் விளையாட்டின் கூறுகளைப் பயன்படுத்துவது என விளையாட்டாக்கத்தை டெட்டர்டிங் முதலானோர் 2011இல் வரையறுத்தனர். நடைமுறையில் இது பெரும்பாலும் புள்ளி, பதக்கம், தரப்பட்டியல் என்ற அளவில் சுருங்கிவிடுகிறது. இவை எப்பாடத்திற்கும் பொருந்துவன. ஆதலின் பதிலீட்டுச் சோதனையில் தேறுவதில்லை.

லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், பரிசு கிடைக்கும் என முன்னரே அறிந்து படம் வரைந்த மழலையர் பின்னர்த் தாமாக வரைவதில் ஆர்வம் குறைந்தனர். எதிர்பாராது பரிசு பெற்றவரிடம் இக்குறைவு காணப்படவில்லை. மழலையர் குறித்த முடிவை வளர்ந்தோர் பயிற்சிக்கு அப்படியே பொருத்த இயலாது. எனினும், பரிசைக் கூட்டுவதால் கற்றல் கூடும் எனக் கொள்வது தவறு என்பதற்கு இது தக்க எச்சரிக்கையாகும்.

6. மொழிபெயர்ப்பாளர் பயிற்சி

இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பாளருக்கும் இன்றியமையாதது. குறுக்கு விசாரணையில் சாட்சி ஒருவர் இந்தியில், ‘ஹம்’ அங்கே சென்றோம் என வழக்கறிஞரிடம் கூறுகிறார். அதனை ‘நாம் சென்றோம்’ எனத் தமிழாக்கினால், வினவும் வழக்கறிஞரும் நிகழிடத்திற்குச் சென்றவராகிவிடுகிறார். நோயாளிகளுக்கான மருத்துவமனை அறிவிப்பில் நிர்வாகம் தன்னைக் குறிக்கும்போது ‘நாங்கள்’ என்பதும், அனைவருக்குமான நலவாழ்வு அறிவுரையில் ‘நாம்’ என்பதும் பொருந்தும்.

எனவே பயிற்சியில் மூலத்தொடரை மட்டும் ஒருவரிடமும், சொல்பவர், கேட்பவர் பற்றிய குறிப்பை மற்றொருவரிடமும் பிரித்துக் கொடுக்கலாம். கேட்பவர் யார் என வினவி அறியாமல் மொழிபெயர்க்க இயலாத நிலையை இது உருவாக்கும். மன்னர், மடாதிபதி ஆகியோர் தம்மையே ‘நாம்’ எனக் குறிக்கும் மரபும் உண்டாதலின், குறிப்பில் சொல்பவர் தகுதியும் இடம்பெறுதல் வேண்டும்.

7. முடிவுரை

பயிற்சி விளையாட்டை வகுப்போர் பலகையிலிருந்தோ பரிசிலிருந்தோ தொடங்காமல், இரு மொழிகளின் ஒப்பீட்டிலிருந்து தொடங்குதல் வேண்டும். கற்போரின் தாய்மொழியில் இல்லாத வேறுபாடு எது எனக் கண்டு, அவ்வேறுபாட்டையே வெற்றி தோல்வியை முடிவுசெய்யும் விதியாக்கினால், விளையாட்டிற்குச் செலவாகும் நேரம் மொழிக்கே செலவாகும்.