மெதுவாக ஓடினால் நெடுநாள் ஓடலாம்

புதுக் காலணி, புதுக் கைக்கடிகாரம், புது உற்சாகம். முதல் வாரம் நான்கு நாள் ஓட்டம். மூன்றாம் வாரம் முழங்கால் வலி. ஆறாம் வாரம் காலணி கதவோரம் தூங்குகிறது. புத்தாண்டுத் தீர்மானத்தில் தொடங்கினாலும், மருத்துவர் சர்க்கரை அளவைக் காட்டி எச்சரித்ததால் தொடங்கினாலும் பலருக்கும் கதை இப்படித்தான் முடிகிறது. “எனக்கு ஓட்டமெல்லாம் ஒத்துவராது” என்று விட்டுவிடுகிறோம்.

விளையாட்டு அறிவியல் வல்லுநர்களைக் கேட்டால், ஒத்துவராதது ஓட்டமல்ல, நாம் ஓடும் வேகம்தான் என்பார்கள்.

எட்டுக்கு இரண்டு

நார்வேயின் ஆக்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் ஸ்டீஃபன் சைலர், உலகத்தரப் படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்கள், சைக்கிளோட்டிகள், ஓட்டக்காரர்கள் ஆகியோர் பயிற்சி செய்யும் விதத்தை ஆராய்ந்தார். விளையாட்டு வேறாக இருந்தாலும் கணக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பத்துப் பயிற்சிகளில் எட்டு எளிதானவை, இரண்டு மட்டுமே கடினமானவை. இதுவே ‘80/20’ முறை எனப் பெயர் பெற்றது.

நம்மில் பலர் செய்வது வேறு. மெதுவாக ஓட வேண்டிய நாளில் பக்கத்தில் ஓடுபவரை முந்தப் பார்க்கிறோம். வேகமாக ஓட வேண்டிய நாளில் முந்தைய களைப்பால் கால் எழுவதில்லை. எல்லா நாளும் நடுத்தர வேகத்திலேயே போகின்றன. உடல் சோர்கிறது, ஆனால் முன்னேற்றம் குறைவு.

காலணித் தொழிலாளியின் பாடம்

ஆய்வுக்கூடங்கள் சொல்லும் முன்பே இதைத் தம் உடலில் சோதித்துப் பார்த்தவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். ஆக்லந்தில் காலணித் தொழிலில் இருந்த அவர், 800 மீட்டர் ஓட்டக்காரரான பீட்டர் ஸ்னெல்லைக்கூட மலைப்பாதையில் சுமார் 35 கிலோமீட்டர் ஓடவைத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம் வென்றார். அதே நாளில் லிடியார்ட்டின் இன்னொரு மாணவர் மரே ஹால்பெர்க் 5,000 மீட்டரில் தங்கம் வென்றார். ஸ்னெல் பின்னாளில் உடற்பயிற்சி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவில் ஆய்வாளரானார்.

உள்ளே நடப்பது என்ன?

எளிய ஓட்டம் நீண்ட நேரம் தொடரும்போது, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தை அனுப்பப் பழகுகிறது. தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. உயிரணுக்களுக்குள் சக்தியை உருவாக்கும் மைட்டோகாண்டிரியா அதிகரிக்கிறது. உடல் கொழுப்பை எரிபொருளாக்கக் கற்றுக்கொள்கிறது. வேலை செய்யும் தசை ரத்தத்திலுள்ள சர்க்கரையையும் இழுத்துக்கொள்கிறது. நீரிழிவும் இதய நோயும் அதிகமுள்ள நம் சமூகத்துக்குப் பதக்கத்தைவிட இது முக்கியம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் அவகாசம் தேவை. “மூச்சு வாங்கவில்லையே, இன்னும் வேகமாகப் போகலாம்” என்று தோன்றும் வேளையில்தான் முழங்கால் மாட்டிக்கொள்கிறது.

பேசிப் பாருங்கள்

எளிய வேகம் எது? 220இலிருந்து வயதைக் கழித்து அதிகபட்ச இதயத் துடிப்பைக் கணக்கிடும் முறை வெறும் சராசரிதான். ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேலும் மாறலாம். கைக்கடிகாரம் இல்லாமலே அறிய ‘பேச்சுச் சோதனை’ இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபோஸ்டர் உள்ளிட்டோர் இதை ஆராய்ந்துள்ளனர். ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு மூன்று சொற்களிலேயே மூச்சு முட்டினால் அது கடினப் பயிற்சி. வானொலியில் பேசிப் பிழைக்கும் எனக்கு மிகவும் பிடித்த அளவுகோல் இதுதான்!

பேச்சுத்துணைக்கு மனைவியையோ கணவரையோ, பிள்ளையையோ அழைத்துச் செல்லுங்கள். ஓட முடியாதவருக்கு வேக நடையே போதும்.

நம் ஊர் வெயில்

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் விடியற்காலையில் ஓடினாலும் காற்றின் ஈரப்பதம் விடுவதில்லை. வியர்வை ஆவியாகாமல் வழிகிறது. உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குத் திரும்புவதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. குளிர்நாட்டில் வசிப்பவரின் நேரக்கணக்கை இங்கு அப்படியே பின்பற்ற வேண்டாம். வெளியூர்க் குளிரிலிருந்து திரும்பியவர்கள் வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள்கள் எடுத்துக்கொள்வது நல்லது.

எப்படித் தொடங்கலாம்?

• வாரம் மூன்று நாள், ஒவ்வொன்றும் 30 நிமிடம். தூரத்தை விடுங்கள், நேரத்தைப் பாருங்கள்.

• முதல் இரண்டு மாதங்கள் எல்லாமே எளிய வேகம். தேவைப்பட்டால் இடையிடையே நடக்கலாம்.

• பிறகு வாரத்தில் ஒருநாள் மட்டும் ஒரு நிமிட வேக ஓட்டம், இரண்டு நிமிட நடை என ஆறு முறை.

• நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நான்காவது வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். உடல் வலுப்பெறுவது ஓய்வில்தான்.

• நீரிழிவு, ரத்த அழுத்த மருந்து எடுப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்தி உதவி தேடுங்கள்.

பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதை ஒரே மாதத்தில் ஓடித் தீர்க்க முடியாது. அடுத்த ஆண்டும் அந்தக் காலணியை நாம் மாட்ட வேண்டுமே. யாராவது முந்திச் சென்றால் சிரித்து வழிவிடுங்கள். உங்கள் பேச்சு தடைப்படாமல் இருக்கட்டும்.