ஊமத்தை: நஞ்சும் மருந்தும்

லயத்து ஓரத்திலும் கோயில் வேலியிலும் தானாக முளைத்து நிற்கும் ஊமத்தஞ்செடியை நாம் அறிவோம். மலாய்க்காரர் இதைக் 'கெச்சுபோங்' என்பர். எக்காளம் போன்ற பூ. முள் நிறைந்த உருண்டைக் காய். சிவபெருமானுக்கு உகந்த மலர் என்று நாம் இதை மதிக்கிறோம். ஆனால் இதன் இலை, பூ, விதை, வேர் எல்லாவற்றிலும் நஞ்சு உண்டு. அந்த நஞ்சே மருத்துவமனையில் உயிர் காக்கும் மருந்தாகவும் விளங்குகிறது. அது எவ்வாறு என்று இன்று பார்ப்போம்.

நம் நரம்புகள் உறுப்புகளுக்குச் செய்தி அனுப்ப அசெட்டைல்கோலின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. அதை ஒரு சாவி என்று கொள்வோம். அதற்குரிய பூட்டுகள் கண், இருதயம், குடல், மூச்சுக்குழல், வியர்வைச் சுரப்பி முதலியவற்றில் உள்ளன. சாவி நுழைந்தால் எச்சில் ஊறும், வியர்க்கும், குடல் அசையும், இருதயம் நிதானமாகத் துடிக்கும். ஊமத்தையில் உள்ள அட்ரோபின், ஹையோசின் போன்ற பொருள்கள் இந்தப் பூட்டின் துவாரத்தை அடைத்துக்கொள்கின்றன. தாமும் திறப்பதில்லை, சாவியையும் நுழைய விடுவதில்லை.

ஆகவே ஊமத்தையைத் தின்றவருக்கு வாய் வறளும். வியர்வை நின்று தோல் சிவந்து சுடும். கண்மணி விரிந்து பார்வை மங்கும். நாடி படபடக்கும். சிறுநீர் பிரியாது. அறிவு கலங்கி, இல்லாததைக் கண்டு பிதற்றுவார். இதைப் பேய் பிடித்தது என்று எண்ணி நேரத்தைப் போக்கினால் உயிருக்கே ஆபத்து.

மருத்துவர் இதே அட்ரோபினை மில்லிகிராம் கணக்கில் அளந்து ஊசியாகப் போடுகிறார். ஹையோசின் பயண வாந்தியைத் தடுக்க உதவுகிறது. ஊமத்தை இலைப் புகையை இழுத்தால் மூச்சிழுப்பு தணியும் என்னும் வழக்கம் 1802-இல் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்கும் சென்றது. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் செடிக்குச் செடி, இலைக்கு இலை நஞ்சின் அளவு மாறும். அதை அளக்க வீட்டில் கருவி ஏது? இன்று அட்ரோபினிலிருந்து உருவாக்கிய இப்ராட்ரோப்பியம் என்னும் மருந்து உறிஞ்சு குழலில் சரியான அளவில் கிடைக்கிறது. எனவே இலைப் புகை நமக்குத் தேவையில்லை.

தோட்டத்து மக்களாகிய நாம் முக்கியமாக அறிய வேண்டியது இன்னொன்று. மாலத்தியான் போன்ற பூச்சிமருந்துகள் உடலில் சேர்ந்தால், வேலை முடிந்த சாவிகளை அழிக்கும் பொருள் செயலிழந்துவிடும். சாவிகள் குவியும். எச்சில் ஒழுகும், கண்ணீர் வழியும், கண்மணி சுருங்கும், நெஞ்சில் நீர் கட்டி மூச்சுத் திணறும். இங்கே பூட்டை அடைக்கும் அட்ரோபின்தான் துணை. நெஞ்சு தெளியும்வரை சில நிமிடங்களுக்கு ஒருமுறை பார்த்துப் பார்த்து மருத்துவர் அளவைக் கூட்டுவார். அதற்காக ஊமத்தையை அரைத்துக் கொடுப்பது ஒரு நஞ்சின்மேல் இன்னொரு நஞ்சை ஏற்றுவதாகும். எல்லா மருந்துக்கும் அட்ரோபின் மாற்றும் அன்று. மலேசியாவில் 2020-இல் தடை செய்யப்பட்ட பாராகுவாட் என்னும் களைக்கொல்லியின் நஞ்சை அது முறிக்காது.

ஆகவே இவற்றை மனத்தில் வைப்போம். பூச்சிமருந்து மேலே பட்டால் உடுப்பைக் கழற்றிச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கழுவிவிடுபவர் கையுறை அணிய வேண்டும். எந்த நஞ்சை விழுங்கினாலும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 999-ஐ அழையுங்கள், அல்லது உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மருந்துப் புட்டியையோ, தின்ற காயின் மிச்சத்தையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் சரியான மாற்று மருந்தைத் தர முடியும்.

பிள்ளைகள் விளையாடும் இடத்தில் ஊமத்தை வளர்ந்திருந்தால் கையுறை போட்டு வேரோடு பிடுங்கிவிடுவோம். பூசைக்குப் பூப் பறித்தால் கையைக் கழுவுவோம். மருந்தையும் நஞ்சையும் பிரிப்பது அளவு. அந்த அளவை அறிந்தவரிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.