வட்டம் ஏன் நடுவில் நிற்கவில்லை?

பைத்தான் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்குத் திரையில் ஒரு படம் வரைந்து பார்க்க ஆசை வருவது இயல்பு. 400 பிக்சல் அகலம், 300 பிக்சல் உயரத்தில் ஒரு விண்டோவைத் திறக்கிறார்கள். அதன் நடுவில் 100 பிக்சல் அகலமுள்ள வட்டம் வேண்டும். நடுப்புள்ளி 200, 150 என்று சரியாகவே கணக்குப் போட்டு, அங்கிருந்து வரையச் சொல்கிறார்கள். வட்டமோ வலது பக்கம் தள்ளி, கீழே இறங்கி நிற்கிறது. 'நமக்கு இதெல்லாம் வராது' என்று கம்ப்யூட்டரை மூடிவிடும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் கணக்கில் வீக் இல்லை. எங்கிருந்து அளப்பது என்பதை யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

மூலைதான் பூஜ்ஜியம்

கணக்குப் பாடத்து வரைபடத் தாளில் பூஜ்ஜியம் நடுவில் இருக்கும். மேலே போகப் போக எண் கூடும். கம்ப்யூட்டர் விண்டோவில் பூஜ்ஜியம் இடது மேல் மூலையில். கீழே போகப் போகத்தான் எண் கூடும். பழைய பிக்சர் டியூப் திரைகள் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக வரி வரியாகப் படத்தை வரைந்தன. அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது.

இன்னொரு விஷயம்... பைத்தானுடன் வரும் டிகின்டரில் வட்டம் வரைய அதன் மையத்தைக் கொடுப்பதில்லை. வட்டத்தைச் சுற்றி ஒரு சதுரப் பெட்டி இருப்பதாக வைத்துக்கொண்டு, அதன் இடது மேல் மூலையையும் வலது கீழ் மூலையையும் கொடுக்க வேண்டும்.

சுவரில் படம் மாட்டுவது போல

சுவரின் நடுவில் படம் மாட்ட என்ன செய்வோம்? சுவரின் அகலத்தில் படத்தின் அகலத்தைக் கழித்து, மிச்சத்தை இரண்டு பக்கமும் சமமாகப் பிரிப்போம். இங்கேயும் அதே கணக்குதான். 400-ல் 100 போக 300; பாதி 150. உயரத்தில் 300-ல் 100 போக 200, பாதி 100. ஆக, பெட்டி 150, 100-ல் தொடங்கி 250, 200-ல் முடிய வேண்டும். வட்டம் கச்சிதமாக நடுவில் நிற்கும்.

எழுத்துக்கு இந்தச் சிரமம் இல்லை. டிகின்டரில் 200, 150 என்று கொடுத்தாலே எழுத்து அந்தப் புள்ளியை நடுவாக வைத்து உட்கார்ந்துகொள்ளும்.

விண்டோவை இழுத்தால்?

விண்டோவைப் பெரிதாக்கினால் வட்டம் பழைய இடத்திலேயே நிற்கும், நடுதான் நகர்ந்துவிடும். அதனால் எண்களை நேரடியாக எழுதாமல், அளவு மாறும் ஒவ்வொரு முறையும் அகலத்தையும் உயரத்தையும் கேட்டு, மறுபடி கணக்கிட்டு வரையச் சொல்ல வேண்டும். விண்டோ திரையில் தோன்றும் முன்பே அகலத்தைக் கேட்டால் டிகின்டர் 1 என்றுதான் பதில் சொல்லும். அதை நம்பி வரைந்தால் படம் மூலையில் ஒதுங்கிவிடும்.

நடுவில் நிற்கும் ஆமை

சின்னப் பிள்ளைகளுக்கு பைத்தானின் 'டர்ட்டில்' சுலபமானது. 1967-ல் அமெரிக்காவில் உருவான 'லோகோ' மொழியின் வழியில் வந்தது இது. இந்த ஆமை விண்டோவின் நடுவிலிருந்தே புறப்படும், அங்கேதான் பூஜ்ஜியம். ஆனாலும் 50 ஆரத்தில் வட்டம் வரையச் சொன்னால், அது தான் நிற்கும் இடத்தையே வட்டத்தின் அடிப்பகுதியாக வைத்துக்கொண்டு வரையும். வட்டம் நடுவுக்கு வர, ஆமையை முதலில் 50 பிக்சல் கீழே இறக்கிவிட வேண்டும்.

அடுத்த முறை பிள்ளை முகம் வாடி உட்கார்ந்திருந்தால், விடையைச் சொல்லிவிட வேண்டாம். "எங்கேயிருந்து அளந்தே கண்ணு?" என்று மட்டும் கேளுங்கள். மீதியை அதுவே கண்டுபிடித்துவிடும்.