அடை முட்டைகளை ஒளியிற் பரீட்சித்தல்

நமது கிராமங்களில் கோழி வளர்க்காத குடியானவர் வீடு அரிது. ஆயினும், அடை வைத்த முட்டையினுள் நாள்தோறும் நிகழ்வது யாதென்று அறிய முயல்வோர் சிலரே. பன்னிரண்டு முட்டைகளை வைத்து 21 நாட்கள் காத்திருந்து, நான்கைந்து குஞ்சுகளே கிடைத்தால், "கோழியின் ராசி அப்படி" என்றோ, "இடி இடித்துக் கெட்டுவிட்டது" என்றோ சொல்லி மனந்தேறுவது வழக்கம். அடைக் கூடையில் கரித்துண்டும் இரும்புத் துண்டும் இட்டுவைப்பதும் இவ்வெண்ணத்தினாலேயே. இதனால் தீங்கொன்றுமில்லை, ஆனால் கெட்ட முட்டையைக் காட்டித் தருவது கரித்துண்டன்று, விளக்கேயாம்.

சில ஆண்டுகளுக்கு முன் நிலமுடையோர் ஒருவர், தம்முடைய மூன்று அடைக்கோழிகளும் உதவாதவையென்றும், அவற்றைச் சந்தைக்கு அனுப்பப் போவதாகவும் என்னிடம் கூறினார். அன்று அடை வைத்த 8-வது நாள். இரவில் முட்டைகளை ஒவ்வொன்றாக ஒளியிற் பார்த்தோம். சில வெறுமையாயிருந்தன, பெரும்பாலானவற்றில் கரு உண்டாகி இறந்திருந்தது. விசாரித்ததில், அம்முட்டைகள் பதினைந்து நாட்கள் அடுப்பிற்கு மேலுள்ள பரணில் வைக்கப்பட்டிருந்தன என்று தெரிந்தது. குற்றம் கோழிகளுடையதன்று. உயிருள்ள முட்டைகளை ஒரே கோழியின் கீழ்ச் சேர்த்து, மற்ற இரண்டிற்கும் புது முட்டைகளை வைத்தோம். சந்தைக்குப் போகவிருந்த கோழிகள் அவ்வாண்டு குஞ்சுகளோடு களத்தில் மேய்ந்தன.

முட்டைகளைத் தெரிந்தெடுத்தல்

முட்டை இடப்படும்போதே கரு ஓரளவு வளர்ந்திருக்கும். குளிர்ந்தவுடன் அவ்வளர்ச்சி நின்றுவிடும். ஏறத்தாழ 70 டிகிரி பாரன்ஹீட்டிற்கு மேற்பட்ட உஷ்ணத்தில் அது மறுபடியும் மெல்ல வளரத் தொடங்கி, வலிவிழந்து, அடையின் முதல் நாட்களிலேயே இறந்துபோம். ஆகையால் அடை முட்டைகளை ஈரமணல் நிரப்பிய பானையின் மேல், நிழலான இடத்தில் வைத்தல் நன்று. ஏழு நாட்களுக்கு மேற்பட்டவற்றைத் தவிர்க்க வேண்டும். கோடையில் நான்கைந்து நாட்களே போதும். பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவலேனும் இருத்தல் அவசியம். கீறல் விட்டவையும், ஓடு மெலிந்தவையும், மிகப் பெரியவையும், மிகச் சிறியவையும் ஆகா.

பரீட்சைப் பெட்டி

பழைய பிஸ்கோத்துத் தகரப் பெட்டியின் ஒரு பக்கத்தில், முட்டையின் அகன்ற முனை பொருந்தியிருக்கத் தக்க துவாரமொன்று இட்டு, உள்ளே டார்ச் விளக்கை வைத்தால் பெட்டி தயார். முட்டையை விட துவாரம் சிறியதாயிருக்க வேண்டும். ஓரமாக ஒளி கசிந்தால் உள்ளே தெரியாது. இருட்டறையில், கோழி அமைதியாயிருக்கும் இரவு வேளையில், முட்டையை அகன்ற முனை ஒளியின் பக்கமாகப் பிடித்து மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிற்கும் சில விநாடிகளே போதும்.

7-வது நாள்

உயிருள்ள கரு சிறு கரும்புள்ளியாகத் தோன்றும்; அதிலிருந்து செந்நிற இரத்தக் குழாய்கள் சிலந்தி வலைபோல் நாற்புறமும் பரவியிருக்கும். கருவுறாத முட்டை முழுதும் தெளிவாக, மஞ்சட்கருவின் நிழல் மாத்திரம் அசையக் காணப்படும். இறந்த கருவாயின் குழாய்கள் மறைந்து, செந்நிற வளையமொன்று காணும். இவ்விருவகையையும் அகற்றிவிட வேண்டும்; விட்டுவைத்தால் அழுகி வெடித்து, நல்ல முட்டைகளையும் கெடுக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நான் இவ்வேலைக்குப் புதியவனாயிருந்தபோது, பழுப்பு ஓட்டு முட்டையொன்றை 4-வது நாளில் பார்த்து, வெற்று முட்டையென்று துணிந்து உடைத்தேன். உள்ளே குண்டூசித் தலையளவு சிவந்த புள்ளியொன்று துடித்துக்கொண்டிருந்தது, அது இருதயம். அடையின் இரண்டாம் நாளிலேயே அது துடிக்கத் தொடங்கிவிடும் என்று படித்திருந்தும் அவசரப்பட்டேன். அன்று முதல், சந்தேகமான முட்டையை அடையாளமிட்டு மூன்று நாட்கள் கழித்து மறுபடி பார்ப்பதே என் வழக்கம். பழுப்பு ஓட்டு முட்டைகளுக்கு 10-வது நாள் வரை பொறுத்தல் தகும்.

14-வது நாளும் 18-வது நாளும்

14-வது நாளில் முட்டையின் பெரும்பகுதி இருண்டிருக்கும்; அகன்ற முனையிலுள்ள காற்றறை தெளிவான விளிம்போடு விளங்கும்; அவ்விளிம்பையொட்டி இரத்தக் குழாய்கள் காணும். குழாய்களின்றி, திருப்பும்போது உள்ளடக்கம் கலங்கலாகத் தளும்பினால் கரு இறந்ததென்று அறிக. 18-வது நாளில் காற்றறை நீங்கலாக முழுதும் இருண்டிருக்கும். காற்றறை பெரிதாகி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதன் பின் முட்டைகளைத் தொடலாகாது. குஞ்சு முதலில் காற்றறையைத் துளைத்து மூச்சு வாங்கி, பிறகே ஓட்டைக் கொத்தும். பொரிக்கத் தாமதிக்கும் குஞ்சை இரக்கத்தால் ஓடுரித்து எடுப்பவர் பலர். இரத்தக் குழாய்கள் வற்றுமுன் உரித்தால் இரத்தம் ஒழுகி இறக்கும்.

யந்திரத்திற் பொரித்தல்

விசிறியுள்ள யந்திரத்தில் 99½ முதல் 100 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணமும், முதல் 18 நாட்களில் காற்றில் 55 முதல் 60 சதவீத ஈரமும், கடைசி மூன்று நாட்களில் 65 முதல் 70 சதவீத ஈரமும் வேண்டும். கோழி தன் அலகால் முட்டைகளைப் புரட்டும். யந்திரத்தில் அவ்வேலை நம்முடையது. 18-வது நாள் வரை தினம் மூன்று முறையேனும் புரட்டாவிடில் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். முட்டை 18 நாட்களில் தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் குறைய வேண்டும். காற்றறை மிகச் சிறிதாயின் தண்ணீர்த் தட்டைக் குறைக்கவும். மிகப் பெரிதாயின் கூட்டவும்.

குடியானவர்கள் இரண்டு மூன்று கோழிகளை ஒரே நாளில் அடை வைப்பாராக. 7-வது நாள் பரீட்சைக்குப்பின் நல்ல முட்டைகளை ஒன்றுசேர்த்தால், ஒழிந்த கோழிக்குப் புது முட்டை வைக்கலாம். எத்தனை வெறுமை, எத்தனை இறந்தவை என்று குறித்து வைத்தல் மிக அவசியம். வெறுமை மிகுந்தால் சேவலையும், வளையம் மிகுந்தால் முட்டை வைத்திருந்த இடத்தையும் முதலில் கவனிக்க. கிராம அதிகாரிகள் இத்தகைய பெட்டியொன்றை ஊர்ப் பொதுவில் வைத்து, வேண்டுவோருக்குக் காட்டி உதவுவாராயின், ஏழை எளியவரின் கோழிக் கூடைகளும் நிறையும்.