பரி அறியும் பரிவு

நுழையும்முன்

மனிதன் பழக்கிய விலங்குகளுள் அவனுடைய வரலாற்றைப் பெரிதும் மாற்றியது குதிரை. அதன் முதுகில் ஏறிப் பேரரசுகள் எழுந்தன, பெருவழிகள் விரிந்தன. மனிதனைக் காட்டிலும் பன்மடங்கு வலிமையுடைய அவ்விலங்கு அவன் சொல்லுக்கு இசைவது ஏன்? அடிக்கு அஞ்சியா, அன்புக்கு இணங்கியா? தமிழகக் கடற்கரையில் நிகழ்ந்த பழைய குதிரை வணிகத்திலிருந்து தொடங்கி இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

கடல்வழி வந்த குதிரைகள்

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலாடி வட்டம் தெற்கே மன்னார் வளைகுடாவை எல்லையாகக் கொண்டது. வாலிநோக்கம், மாரியூர் முதலிய ஊர்கள் இக்கரையில் அமைந்துள்ளன. இவற்றுக்குக் கிழக்கே பெரியபட்டினமும், தென்மேற்கே தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில் காயலும் பாண்டியர் காலத்தில் புகழ்பெற்ற துறைமுகங்களாக விளங்கின. இக்கடலில் குளித்தெடுத்த முத்துகள் பிற நாடுகளுக்குச் சென்றன. பிற நாடுகளிலிருந்து வந்த பொருள்களுள் தலையாயது குதிரை.

தமிழகத்தின் வெப்பமும் ஈரமும் கலந்த தட்பவெப்பம் உயர்வகைக் குதிரைகளைப் பெருமளவில் வளர்ப்பதற்கு ஏற்றதன்று. எனவே, படைக்கு வேண்டிய குதிரைகளைக் கடல்வழியே பெறும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் வரலாறும், நரி பரியான திருவிளையாடலும் இவ்வணிகத்தின் நினைவைத் தாங்கி நிற்கின்றன.

கி.பி. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியனின் ஆட்சியில் இவ்வணிகம் உச்சநிலையை அடைந்தது. பாரசீக வளைகுடாவிலுள்ள கீசு தீவின் தலைவர் ஜமாலுதீன், ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப உடன்பட்டிருந்தார் என்றும், பிற துறைமுகங்களிலிருந்து வந்தவற்றையும் சேர்த்தால் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதியுள்ளார். ஒரு குதிரையின் விலை 220 பொற்காசுகள் என்பதும் அவர் தரும் செய்தியே.

பொன் கொடுத்தும் பெறாதது

இத்தனை குதிரைகள் ஆண்டுதோறும் தேவைப்பட்டது ஏன்? வந்தவற்றுள் பெரும்பாலானவை நெடுநாள் வாழவில்லை என்பதே விடை. அக்காலத்தில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிசு நகரப் பயணி மார்கோ போலோ, மன்னரும் அவருடைய உடன்பிறந்தாரும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்கியதையும், ஆண்டு முடிவில் அவற்றுள் மிகச் சிலவே எஞ்சியதையும் பதிவு செய்துள்ளார். குதிரைகளைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கு இல்லை என்பது அவர் கூறும் காரணம். அத்தகையோர் இங்கு வந்து சேராதவாறு குதிரை வணிகர்களே தடுத்தனர் என்றும் அவர் குறிப்பிடுகிறார். குதிரைகள் மடிந்தால்தானே மீண்டும் விற்கலாம்!

வசாப் கூறுவது இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. வறுத்த தானியத்தை நெய்யோடு கலந்து ஊட்டி, காய்ச்சிய பாலையும் புகட்டி, 40 நாள்கள் முளையடித்துக் கயிற்றால் கட்டி வைப்பர். குதிரை கொழுத்தபின், முறையான பயிற்சி எதுவும் அளிக்காமல் அதன்மீது ஏறி விரட்டுவர். விரைவும் துடிப்பும் மிக்க குதிரைகள் சில காலத்திலேயே தளர்ந்து பயனற்றுப் போகும் என்கிறார் அவர். இவை அயல்நாட்டார் பார்வையில் எழுந்த குறிப்புகள். இவற்றில் மிகைக்கூற்றும் இருக்கலாம். ஆயினும், இருவேறு நாட்டவர் ஒரே குறையைச் சுட்டுவது சிந்திக்கத்தக்கது. உணவில் குறைவில்லை, பொருளிலும் குறைவில்லை. குதிரையின் இயல்பறிந்து பழகும் அறிவு மட்டுமே கப்பலேறி வரவில்லை.

கொழுத்த உணவு மட்டும் குதிரைக்கு ஊக்கம் தராது என்பதைச் சங்கப் புலவர் பொன்முடியார் முன்னரே கண்டிருந்தார். புறநானூற்றின் 299ஆம் பாடலில் அவர் இருவகைக் குதிரைகளை ஒருங்கே காட்டுகிறார். சிற்றூர்த் தலைவனின் குதிரை உழுந்தின் சக்கையைத் தின்றது, தளர்ந்த நடையுடையது. அதுவே போர்க்களத்தில் கடலைக் கிழிக்கும் தோணிபோலப் பகைப்படையைப் பிளந்து சென்றது. நெய்யூட்டி வளர்க்கப்பட்ட பெருவேந்தரின் குதிரைகளோ களத்தில் ஒதுங்கி நின்றன.

அச்சமே அதன் அரண்

குதிரையைப் பழக்க விரும்புவோர் முதலில் அதன் அச்சத்தை அறிதல் வேண்டும். குதிரை புல் உண்ணும் விலங்கு. கொம்போ கோரைப்பல்லோ கொண்டு எதிர்த்து வெல்லும் ஆற்றல் அதற்கில்லை. ஓநாயும் பிற கொல்விலங்குகளும் திரிந்த புல்வெளிகளில் அதன் முன்னோர் உயிர் பிழைத்தது ஓட்டத்தால்தான். ஐயம் தோன்றிய நொடியில் ஓடுவது, ஓடியபின் நின்று திரும்பிப் பார்ப்பது என்பதே குதிரையின் வாழ்வுமுறை.

அதன் உடலமைப்பும் இதற்கேற்பவே அமைந்துள்ளது. தலையின் இருபுறமும் அமைந்த பெரிய கண்கள் தன்னைச் சுற்றி ஏறத்தாழ எல்லாத் திசைகளையும் காண்கின்றன. நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் உள்ள சிறு பகுதிகளே பார்வைக்கு எட்டாதவை. காதுகள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி வெவ்வேறு திசைகளில் திரும்ப வல்லவை. தோலோ ஒரு சிறு ஈ அமர்ந்தாலும் சிலிர்க்கும் நுண்ணுணர்வு கொண்டது.

இத்தகைய விலங்கைக் கயிற்றால் வீழ்த்தி, சாட்டையால் அடித்து, மூச்சு முட்டும்வரை ஓட விட்டு அடக்கும் முறை பல நாடுகளில் இருந்தது. அவ்வாறு அடக்கப்பட்ட குதிரை அசையாமல் நிற்கக்கூடும். ஆனால், அந்த அமைதி இணக்கத்தால் வந்ததன்று; தப்பிக்க வழியில்லை என்ற சோர்வால் வந்தது. சோர்வு நீங்கும் நாளில் பழைய அச்சம் உதையாகவோ கடியாகவோ வெளிப்படும்.

விலகி நின்று நெருங்குதல்

மென்மையான பயிற்சி இதற்கு நேர்மாறான வழியில் செல்கிறது. காட்டுக் குதிரையை முதலில் உறுதியான வேலி சூழ்ந்த வட்டவெளியில் விடுவர். பயிற்சியாளர் அதனை நோக்கி நேராகச் செல்லார். கண்ணோடு கண் நோக்கார். நேர்நடையும் நிலைத்த பார்வையும் கொல்விலங்கின் குறிகள் என்பது குதிரையின் அறிவு. எனவே, அவர் தோளைச் சற்றே திருப்பி, வளைந்த வழியில் மெல்ல நடப்பார்.

குறிப்பிட்ட தொலைவுக்குள் வந்ததும் குதிரை விலகி ஓடும். அத்தொலைவே அதன் அச்சத்தின் எல்லை. அவ்வெல்லையின் விளிம்பில் பயிற்சியாளர் நின்றுவிடுவார். குதிரை ஓடாமல் நின்றாலோ, ஒரு காதை அவர்பக்கம் திருப்பினாலோ, அந்நொடியே அவர் ஓரடி பின்வாங்குவார். இப்பயிற்சியின் உயிர்நிலை இதுவே. தான் அமைதியாக நின்றால் தன்மீதுள்ள நெருக்கடி தளரும் என்பதைக் குதிரை கற்றுக்கொள்கிறது. நெருக்கடி தருவதனால் அன்று, அதனை உரிய நொடியில் விடுவிப்பதனாலேயே பாடம் மனத்தில் பதிகிறது. விடுவிப்பு காலந்தாழ்ந்தால் எச்செயலுக்காக அது கிடைத்தது என்பது குதிரைக்கு விளங்காது.

அடியடியாக எல்லை சுருங்கும். ஒருநாள் குதிரையே முன்வந்து நீட்டிய கையை முகர்ந்து பார்க்கும். அப்போதும் அதன் முகத்தைத் தொடுதல் கூடாது. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டுப் பகுதியை மெல்லச் சொறிந்து கொடுத்தல் வேண்டும். குதிரைகள் தமக்குள் அன்பு பாராட்டும்போது பல்லால் வருடிக்கொள்ளும் இடம் அதுவே. பிரான்சு நாட்டின் கமார்க் பகுதிக் குதிரைகளை ஆய்ந்தோர், அவ்விடத்தை வருடும்போது குதிரையின் இதயத்துடிப்புக் குறைவதை அளந்து 1993ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இதன்பின் கழுத்தில் கயிறு, முதுகில் துணி, துணியின்மேல் சேணம், சேணத்தின்மேல் மனிதன் என ஒவ்வொன்றாகப் பழக்குவர். புதிய பொருள் எதுவாயினும் முதலில் குதிரை அதனைப் பார்க்கவும் முகரவும் இடம் தருவர். அஞ்சினால் முந்தைய படிக்குத் திரும்புவர். பயிற்சி நேரம் குறுகியதாக இருக்கும். குதிரை அமைதியாக உள்ள நிலையிலேயே அன்றைய பாடத்தை முடிப்பர்.

தெரிந்து தெளிவோம்

பரி, புரவி, மா, இவுளி, கலிமா, பாய்மா முதலியன குதிரையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள். குதிரையைப் பேணிப் பழக்குபவன் வாதுவன் எனப்பட்டான். குதிரை கட்டுமிடம் பந்தி, இலாயம் எனவும், ஏறுவோர் கால் வைக்கும் வளையம் அங்கவடி எனவும் வழங்கும். இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் அய்யனாருக்கு மண்குதிரை செய்து ஊர்வலமாக எடுத்துச் சென்று வைக்கும் விழா ‘புரவி எடுப்பு’ எனப்படும்.

முன்னோர் கண்டதும் ஆய்வு காட்டுவதும்

இம்முறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் செனபோன், குதிரையேற்றம் குறித்துத் தனிநூல் எழுதினார். சினத்தோடு குதிரையை அணுகுதல் கூடாது என்பது அவர் வகுத்த விதி. குதிரை ஒரு பொருளைக் கண்டு அஞ்சும்போது அடித்தால், அடியின் வலிக்கும் அப்பொருளே காரணம் எனக் கருதி அது மேலும் அஞ்சும் என அவர் விளக்கினார்.

அலெக்சாந்தரின் குதிரையாகிய பியூசிபாலசு எவருக்கும் அடங்காமல் இருந்தது. அது தன் நிழலைக் கண்டே மிரள்கிறது என்பதைச் சிறுவனாகிய அலெக்சாந்தர் கண்டறிந்து, அதன் முகத்தைக் கதிரவனை நோக்கித் திருப்பி, தட்டிக்கொடுத்து, பின்னர் ஏறியதாகப் புளூட்டார்க் எழுதியுள்ளார். பிறர் முரட்டுத்தனம் என்று கண்டதை அச்சம் என்று கண்டமையே அவன் பெற்ற வெற்றி.

மனிதரின் மனநிலையைக் குதிரை உணரும் என்பதற்கும் சான்றுகள் உள்ளன. செர்மனியில் ஆன்சு என்னும் குதிரை கணக்குகளுக்குக் காலால் தட்டி விடை சொல்லி வியப்பூட்டியது. 1907இல் அதனை ஆய்ந்த உளவியலாளர் ஆசுகர் புஃங்சுட்டு, அது கணக்கு அறியவில்லை. வினவுவோரின் தலையிலும் முகத்திலும் தோன்றும் மிகச் சிறிய அசைவைக் கண்டே தட்டுவதை நிறுத்துகிறது என்று நிறுவினார். 2018இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள், ஒருவரின் சினந்த முகத்தையோ மலர்ந்த முகத்தையோ படமாகக் குதிரைகளுக்குக் காட்டினர். சில மணி நேரத்துக்குப்பின் அதே மனிதர் இயல்பான முகத்துடன் வந்து நின்றபோது, முன்னர் எம்முகத்தைக் கண்டனவோ அதற்கேற்பக் குதிரைகள் நடந்துகொண்டன. உள்ளே சினத்தை வைத்துக்கொண்டு வெளியே கனிவு காட்டுதல் குதிரையிடம் செல்லாது.

கட்டின்றித் திரிபவை

இராமேசுவரத்துக்கு வடகிழக்கே, பாக் நீரிணையில் இலங்கையைச் சேர்ந்த நெடுந்தீவு உள்ளது. போர்த்துகீசியர், ஒல்லாந்தர் காலங்களில் கொண்டுவரப்பட்டவை எனக் கருதப்படும் குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் அத்தீவின் வறண்ட வெளிகளில் கூட்டமாகத் திரிகின்றன. தமிழகத்தில் கோடியக்கரை வனவிலங்குப் புகலிடத்திலும் இத்தகைய குதிரைகள் உள்ளன. இவை மனிதரிடமிருந்து பிரிந்து காட்டுவாழ்வுக்குத் திரும்பியவை. எத்தனை தலைமுறை பழகியிருப்பினும், குதிரையின் உள்ளத்தில் அந்தப் பழைய ஓட்டக்காரன் உறங்குவதில்லை என்பதற்கு இவை உயிருள்ள சான்றுகள்.

காணும் குதிரைகளையெல்லாம் பழக்கியாக வேண்டும் என்பதில்லை. வேனிற்காலத்தில் குடிநீருக்கு அலையும் நெடுந்தீவுக் குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் தேவையில்லை. நீரும் நிழலும் தொல்லையற்ற வெளியுமே தேவை. பழக்க வேண்டியவற்றைப் பொறுமையுடன் பழக்குவதும், விட வேண்டியவற்றை விட்டுவைப்பதும் ஒரே பரிவின் இருமுகங்கள்.

நிறைவாக

பாண்டிய நாட்டின் துறைகளில் பொன்னைக் கொட்டி வாங்கிய குதிரைகள் மடிந்தன. வாங்கியவர்கள் குதிரையின் வலிமையை விலைபேசினார்களே அன்றி, அதன் அச்சத்தை அறிந்துகொள்ளவில்லை. வலிமை விலைக்குக் கிடைக்கும்; நம்பிக்கை கிடைக்காது. அதனை ஒவ்வொரு நாளும், ஒவ்வோர் அடியாக, தேவைப்பட்டால் பின்வாங்கியும் ஈட்ட வேண்டியிருக்கிறது.

இவ்வுண்மை குதிரைக்கொட்டிலோடு நின்றுவிடுவதன்று. அஞ்சி நிற்கும் உயிர் எதனையும் கற்பதில்லை. தப்பிக்கும் வழியை மட்டுமே தேடுகிறது. வகுப்பறையில் வாய்திறக்கத் தயங்கும் மாணவருக்கும், புதிதாக ஊருக்கு வந்து ஒதுங்கி நிற்கும் சிறுவருக்கும் இது பொருந்தும். அவர்களை நோக்கி எடுத்துவைக்கும் அடி எவ்வளவு தேவையோ, அவர்களுக்கு இடம்விட்டு நிற்கும் அடியும் அவ்வளவு தேவை. அந்த இடைவெளியைக் கடந்து அவர்களே நம்மிடம் வரும்போது பிறப்பதே நம்பிக்கை.