ஆள் பஞ்சத்தில் பிறந்த இரும்பு மனிதர்கள்

போருக்கு முந்தைய மைதானங்கள் – 9

சென்ற வாரம், 1931 மார்ச்சில் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னி பயணம் செய்த விமானம் கான்சாஸ் வெளியில் விழுந்ததோடு நிறுத்தியிருந்தோம். ராக்னி போய்விட்டார். அவரிடம் ஆடிப் பழகியவர்களோ அதற்குள் நாடு முழுக்கப் பயிற்சியாளர்களாகப் பரவியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் எடி ஆண்டர்சன். 1921 நோட்டர் டேம் அணியின் தலைவர். பந்தையும் விடாமல் படிப்பையும் விடாமல் மருத்துவம் முடித்தவர். மாசசூசெட்ஸில் ஹோலி கிராஸ் கல்லூரி அணியை நல்ல நிலைக்குக் கொண்டுவந்திருந்த அவரை 1939இல் அயோவா பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. காலையில் பல்கலைக்கழக மருத்துவமனை, மாலையில் மைதானம் என்பது அவர் வழக்கம்.

அவர் கைக்கு வந்த அணி பரிதாபமானது. 1937இல் எட்டு ஆட்டங்களில் ஒரே வெற்றி. 1938இலும் அதே கதை. ஒரு சமன் மட்டும் கூடுதல். பொருளாதார மந்தம் தொடங்கிய 1929இல் கட்டிய பெரிய அரங்கம் வேறு நின்றுகொண்டிருந்தது. சோளத்துக்கு விலை கிடைக்காத விவசாயி, தோற்கும் அணியைப் பார்க்க டிக்கெட் வாங்குவாரா?

இந்த அணியைப் பின்னாளில் ‘இரும்பு மனிதர்கள்’ என்று கொண்டாடினார்கள். பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர், வீரக்கதைபோல் ஒலிக்கும். எனக்கென்னவோ அந்தப் பெயருக்குப் பின்னால் முதலில் தெரிவது ஆள் பஞ்சமும் ஒரு விதியும்தான். இன்றைய அமெரிக்கக் கால்பந்தில் தாக்குவதற்கு ஒரு பதினொரு பேர், தடுப்பதற்கு வேறு பதினொரு பேர், உதைப்பதற்கென்றே தனி ஆள். 1939இல் அப்படி இல்லை. ஆட்டம் தலா 15 நிமிடமாக நான்கு பகுதி. ஒரு பகுதியில் வெளியே போனவர் அதே பகுதியில் திரும்ப இறங்க முடியாது. ஆகவே, பந்தை ஏந்தி ஓடியவரே அடுத்த நிமிடம் எதிரியை மறித்து விழுத்தியாக வேண்டும். மினசோட்டா, மிஷிகன் போன்ற பெரிய அணிகளிடம் இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை என்று ஆட்கள் இருந்தார்கள். அயோவாவில் முதல் வரிசையைத் தாண்டினால் நம்பி இறக்க ஆள் குறைவு. ஆண்டர்சன் அந்த முதல் வரிசையையே நாள் முழுக்க நிற்கவிட்டார். வேறு வழி என்ன இருந்தது அவருக்கு?

வார்சா ஜெர்மானியரிடம் சரணடைந்த இரண்டாம் நாள், செப்டம்பர் 30 அன்று, அயோவாவின் பருவம் தொடங்கியது. சவுத் டகோட்டாவை 41–0 என்று வென்றார்கள். சிறிய அணி, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் இண்டியானாவுடன் ஆடியதுதான் முதல் சோதனை. கடைசிப் பகுதியில் அயோவா 26–29 என்று பின்தங்கி நின்றது. பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து மூன்று புள்ளி எடுத்தால் சமன். உதைக்க வேண்டியவர் நைல் கின்னிக். அவர் உதைக்கவில்லை, வீசினார். அணித்தலைவர் எர்வின் பிராஸ் அதை எதிரியின் கோல் எல்லைக்குள் பிடித்தார், அதுதான் டச்டவுன். 32–29.

கின்னிக் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம், எடை சுமார் 170 பவுண்டு. அந்த ஆட்டத்துக்கு அது சின்ன உடம்பு. தாய்வழித் தாத்தா அயோவாவின் ஆளுநராக இருந்தவர். பேரன் படிப்பிலும் முன்வரிசை. இறுதியாண்டு மாணவர்களின் தலைவர். இப்படி எல்லாம் பொருந்திவந்த பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எழுத வேண்டும். ஆனால் அந்தப் பருவத்தின் கணக்கு ஒன்று வாயை அடைத்துவிடுகிறது: அயோவா மொத்தம் எடுத்தது 130 புள்ளிகள். ஓடியோ, வீசியோ, உதைத்தோ அவற்றில் 107இல் கின்னிக்கின் பங்கு இருந்தது.

மூன்றாவது ஆட்டத்தில் மிஷிகன் இந்தப் புகழைத் தரையில் தேய்த்தது. 27–7. அந்த 27 புள்ளிகளையும் எடுத்தவர் ஒரே ஆள், டாம் ஹார்மன். நான்கு டச்டவுன், அவற்றுக்கு மேல் மூன்று உதை. இந்தத் தோல்வியைக் கதை சொல்கிறவர்கள் அவசரமாகத் தாண்டிப் போவார்கள். தாண்டக்கூடாது என்பது என் கட்சி. ஒரே ஆளை நம்பிய இரண்டு அணிகள் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த மதியம் சாட்சி. விஸ்கான்சினை 19–13 என்று வென்று அயோவா மூச்சுவிட்டது. அதற்கடுத்து பர்டியூவுடன் விநோதமான 4–0. கோல் எல்லைக்குள் எதிரியை மடக்கினால் இரண்டு புள்ளி. அதை இரண்டு முறை செய்தார்கள், அவ்வளவுதான் முழு ஆட்டத்துக்கும் புள்ளி.

நவம்பர் 11. அயோவா நகருக்கு வந்தது நோட்டர் டேம், அதுவரை தோல்வி அறியாமல். ஆண்டர்சனுக்கு அது தாய்வீட்டோடு சண்டை. முதல் பாதி முடியும் தறுவாயில் எதிரணி தவறவிட்ட பந்து அயோவாவுக்குக் கிடைத்தது. கின்னிக் அதை ஏந்திக் கோட்டைக் கடந்தார். கூடுதல் ஒரு புள்ளிக்கான உதையையும் அவரே உதைத்தார். பந்தைக் கையிலிருந்து தரையில் விட்டு, அது எழும்பும் கணத்தில் உதைக்கும் பழைய பாணி. நோட்டர் டேமும் பிறகு ஒரு டச்டவுன் எடுத்தது. அவர்களுடைய உதை தவறிவிட்டது. 7–6.

ரசிகர்கள் நினைவில் வைத்திருந்தது டச்டவுனை. ஆட்டத்தை உண்மையில் காப்பாற்றியது கின்னிக்கின் கால் என்பேன். அன்று 16 முறை பந்தை நீள உதைத்து, மொத்தம் 731 கெஜம் எதிரியைப் பின்னுக்குத் தள்ளினார். இறுதி நிமிடங்களில் உதைத்தது 63 கெஜம் போய் எதிரியின் எல்லை ஓரத்தில் வெளியேறியது. களைத்த அணிக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. பந்து தூரத்தில் இருக்கும்வரை மூச்சு வாங்கலாம்.

அடுத்த வாரமே மினசோட்டா. இந்த இரண்டு அணிகளுக்கும் இடையில் ஒரு பன்றி உண்டு. 1934 ஆட்டத்தில் அயோவாவின் கறுப்பின வீரர் ஆஸி சிம்மன்ஸை மினசோட்டாக்காரர்கள் முரட்டுத்தனமாக அடித்து ஆடியதில் பகை மூண்டது. மறு ஆண்டு கலவரம் வெடிக்காமலிருக்க, மினசோட்டா ஆளுநர் ஃபிளாய்ட் ஓல்சன் அயோவா ஆளுநருக்குத் தந்தி அடித்து, தோற்பவர் ஒரு பன்றி தர வேண்டும் என்று பந்தயம் கட்டினார். அயோவா தோற்று, உயிருள்ள பன்றியையே அனுப்பிவைத்தது. பிறகு அதற்கு வெண்கலச் சிலை செய்து வெற்றிக் கோப்பையாக்கிவிட்டார்கள். அடிபட்ட சிம்மன்ஸை மறந்து பன்றியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது ஊர்.

1939இல் நான்காம் பகுதி தொடங்கும்போது மினசோட்டா 9–0 என்று முன்னால் இருந்தது. கின்னிக் முதலில் பிராஸுக்கு வீசினார், டச்டவுன். நேரம் முடிய சில நிமிடங்களே இருக்கையில் பில் கிரீனுக்கு வீசினார், அதுவும் டச்டவுன். 13–9.

நார்த்வெஸ்டர்னுடன் நடந்த கடைசி ஆட்டத்தில் இரும்பும் வளைந்தது. மூன்றாம் பகுதியில் கின்னிக் தோள் பிசகி வெளியேறினார். இண்டியானா ஆட்டத்திலிருந்து அதுவரை இடைவிடாமல் அவர் மைதானத்தில் நின்றது 402 நிமிடம். ஆட்டம் 7–7. வென்றிருந்தால் தங்கள் லீகின் பட்டத்தை ஓஹையோ ஸ்டேட்டோடு பங்கிட்டிருப்பார்கள், இரண்டாமிடம்தான் வாய்த்தது.

ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை கின்னிக்குக்குப் போனது. நியூயார்க்கில் அதை வாங்கியபோது, ஐரோப்பாவின் போர்க்களத்தில் இல்லாமல் அமெரிக்க மத்திய மேற்கின் பந்து மைதானங்களில் மோத நேர்ந்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னார். தொழில்முறை ஆட்டத்துக்குப் போகாமல் சட்டம் படிக்கப் போனவர், பிறகு கடற்படை விமானியானார். 1943 ஜூன் 2 அன்று வெனிசுலாவை ஒட்டிய பாரியா வளைகுடாவில் பயிற்சிப் பறப்பின்போது அவருடைய விமானத்தில் எண்ணெய் கசிய, அதைக் கடலில் இறக்கினார். உடல் கிடைக்கவில்லை. வயது 24. அந்த 1929 அரங்கத்துக்கு 1972இல் அவர் பெயரை வைத்தார்கள்.

கின்னிக் இல்லாத 1940 அணி எட்டு ஆட்டங்களில் நான்கை இழந்தது. 1941இல் மாற்று ஆட்டக்காரர் விதியே தளர்ந்து, யாரும் எப்போதும் உள்ளே வரலாம் என்றானது. அதற்கு முந்தைய ஆண்டின் ஹைஸ்மன், அயோவா மீது 27 புள்ளி குவித்த அந்த மிஷிகன் இளைஞருக்குப் போனது. ஹார்மனின் 1940, அடுத்த வாரம்.

(தொடரும்)